மஞ்சள் தெரியாத சேவல்

பென்னாகரம் சந்தையில் கோழி வாங்க வருகிறவர்கள் எடுத்ததும் விலை கேட்பதில்லை. ஊதுவார்கள். கால் கட்டிய கோழியைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்து, வால் பக்கத்து அடிவயிற்று இறகில் முகத்தை நெருக்கி, அடுப்பு ஊதுகிற மாதிரி ஒரே ஊது. இறகு இரண்டாக வகிடெடுத்துப் பிரியும், அடியில் தோல் தெரியும். தோல் மஞ்சளாக இருந்தால் உள்ளே கொழுப்பு கட்டியிருக்கிறது என்று பொருள். மஞ்சள் எவ்வளவோ அவ்வளவு ருசி, அவ்வளவு விலை. பக்கத்துக் காட்டுக் கொட்டாய்களிலிருந்து பெண்கள் கொண்டுவந்த கோழிகள் வரிசையாகப் புழுதியில் கிடக்க, ஊரே குனிந்து ஊதிக்கொண்டிருக்கும். எண்பதுகளின் நடுவில் ஒரு தை மாதத்திலிருந்து ஆனி வரைக்கும் மஞ்சள் தெரியாத கோழியைத் தேடி ஊதிக்கொண்டிருந்தவர்கள், அந்தச் சந்தையில் எங்கள் வீட்டுப் பெண்கள் மட்டும்தான்.

எல்லாம் என் வீட்டுக்காரருடைய வயிற்றுக்காக.

அவர் பஸ் டிரைவர். சேலத்தில் கிளம்பி, தொப்பூர் கணவாய் ஏறி, தருமபுரி வந்து, பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போய்த் திரும்புகிற ஒரு தனியார் வண்டி. கல்யாணத்தின்போதே அவருக்குத் தொப்பை உண்டு. அது எனக்குப் பிடித்தும் இருந்தது, சாய்ந்துகொள்ளத் தோதாக. இரண்டு வருஷத்தில் ஸ்டியரிங்குக்கும் அவருக்கும் நடுவில் ஒரு விரல்தான் நுழையும் என்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஒரு நாள் கணவாயில் கிளட்ச்சை அழுத்தி மிதித்தபோது இடது தொடை மடிப்புக்கு மேலே ஏதோ புடைத்துக்கொண்டு வந்தது. எலுமிச்சம்பழம் அளவுக்கு. படுத்தால் உள்ளே போய்விடும், எழுந்தால் வந்துவிடும். வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு மாதம் என்னிடம்கூடச் சொல்லவில்லை.

தருமபுரி பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் அழுத்திப் பார்த்தார். குடல் இறக்கம், அறுத்துத் தைக்க வேண்டும் என்றார். பிறகு அந்த வயிற்றை ஒரு தட்டுத் தட்டினார்.

“எட்டுக் கிலோ கொறச்சிட்டு வாய்யா. அப்பத்தான் கத்திய எடுப்பேன். இந்தக் கொழுப்புல தையல் நிக்காது. ஆறு மாசம் டைம். அதுக்கு மேல வுட்டா கொடல் போயி மாட்டிக்கும். அப்ப யோசிக்கறதுக்கு எனக்கும் நேரம் இருக்காது, ஒனக்கும் இருக்காது.”

“கறி சாப்புடலாங்களா?” என்று கேட்டார் இவர். குடல் மாட்டிக்கொள்ளும் என்று சொன்ன மனிதரிடம் கேட்ட முதல் கேள்வி இது.

டாக்டர் சிரித்துவிட்டார். “ஆட்ட மறந்துரு. கோழி சாப்புடு. தோலில்லாம, கொழுப்பில்லாம, எண்ணெயில்லாம.”

“அப்ப கோழியில மிச்சம் என்னாங்க இருக்கு?” என்றார் இவர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து என்னிடம் சத்தியம் வாங்கினார். யாருக்கும் தெரியக் கூடாது. முதலாளிக்கு இப்போதே தெரிந்தால் இன்றைக்கே வண்டியை ஸ்பேர் டிரைவருக்குக் கொடுத்துவிடுவார், அது ஒன்று. அதைவிடப் பெரியது அவர் அம்மா. என் மாமனார் வயிற்று வலி என்று ஆபரேஷனுக்குப் போனவர், நடந்து போனவரைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். அதிலிருந்து அத்தைக்கு ஆஸ்பத்திரிச் சுவரைக் கண்டாலே பஸ்ஸில் முகத்தைத் திருப்பிக்கொள்கிற பயம். “எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா கத்தி வெக்க வுடமாட்டாங்க. வூட்டு வாசல்ல படுத்துக்குவாங்க, தாண்டிப் போடான்னு.” ஆகவே எடை குறைய வேண்டும், ஏன் குறைகிறது என்று ஒருவருக்கும் தெரியக் கூடாது.

முதல் சந்தையில் நான் பெரிய தப்பு செய்தேன். மஞ்சள் கூடாது என்பது மட்டும்தான் என் மனதில் இருந்தது. ஊதி ஊதிப் பார்த்து, தோல் வெளுத்து நீலம் பாரித்த ஒரு சேவலை எடுத்தேன். விற்ற அம்மாள் என்னையும் சேவலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஏம்மா, அதையா கேக்கற? அது எங்கூட்டுல இருக்கறதே எனக்கு மறந்து போச்சு.”

“அதுதான் வேணும்.”

பக்கத்திலிருந்தவளிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னாள். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சொன்ன விலையில் பாதிக்குக் கேட்டேன், மறுபேச்சில்லாமல் கொடுத்தாள். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வீட்டில் உரித்துப் பார்த்தால் நெஞ்சுக் கறி இருக்க வேண்டிய இடத்தில் அருவாமணை மாதிரி ஒரு எலும்பு. கொழுப்பும் இல்லை, கறியும் இல்லை. பசியோடு வளர்ந்த உயிர். அன்றைக்கு நாங்கள் சாப்பிட்டது மிளகும் வருத்தமும்.

மெதுவாகக் கை பழகியது. ஊதுவது பாதி வேலைதான். மீதி, விரலில் இருக்கிறது. நெஞ்செலும்பின் இரண்டு பக்கமும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்துப் பார்த்தால், கறி எலும்போடு சமமாக மேடு கட்டியிருக்க வேண்டும். எலும்பு கத்தி மாதிரி தனியாக நின்றால் பட்டினிக் கோழி. மேடு இருந்து, ஊதினால் தோல் இளஞ்சிவப்பாகவும் தெரிந்தால் அதுதான் நமக்கு. ஆறேழு மாதச் சேவல், விடை என்பார்கள், இன்னும் சரியாகக் கூவ வராதது, வேலிக்கு வேலி ஓடித் திரிந்தது. தீனிப்பையையும் தொட்டுப் பார்க்க வேண்டும். சந்தைக்குக் கிளம்புமுன் ராகியை உருட்டி உருட்டித் திணித்து, தண்ணீரும் ஊற்றிக் கொண்டுவருவார்கள். கையில் தூக்கினால் கனம் காட்டும், அறுத்தால் களி.

இன்னொன்றும் தெரிந்தது. ஊரே மஞ்சளுக்குப் பின்னால் ஓடியதால், ஓடித் திரிந்த சேவல்களுக்கு விலை இல்லை. முட்டையிடுகிற பருவத்துப் பெட்டையின் விலைக்கு எனக்கு ஒன்றரைச் சேவல் கிடைத்தது. ஆபரேஷனுக்கு அப்புறம் மூன்று மாதம் வண்டி ஓட்டக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த மூன்று மாதத்துக்குச் சேர்க்க வேண்டியிருந்த எங்களுக்கு இது யாரோ காதில் ரகசியமாகச் சொன்ன நல்ல செய்தி மாதிரி இருந்தது. தருமபுரியில் அப்போதுதான் பிராய்லர் கோழி வரத் தொடங்கியிருந்தது, கூண்டுக்குள் வெள்ளை வெள்ளையாக, நடக்க மறந்த மாதிரி. ஊசி போட்டு வளர்த்தது என்று ஊரில் பேச்சு. ஒரு தடவை வாங்கினேன். வால் பக்கம் கை நிறையக் கொழுப்பு, கறி கரண்டி பட்டால் பிரிந்தது. இவர், “இது கோழியா, இட்லியா?” என்று கேட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார். பண்ணையில் முட்டை நின்ற கோழிகளையும் மலிவாகக் கொண்டுவந்து விற்றார்கள். அவற்றின் வயிற்றைத் திறந்தால் மஞ்சள் மூட்டை. அந்த மலிவு எங்களுக்கு ஆகவில்லை. மறுபடியும் சந்தைக்கே வந்தேன்.

சமைப்பதில் ஒரு சுகம் இருந்தது. இன்றைக்கும் நினைத்தால் என் கைக்கு அந்த வாசனை வருகிறது. எங்கள் பக்கம் கோழியைத் தீயில் வாட்டி, மஞ்சள் பூசித் தோலோடு வெட்டுவார்கள். தோலை உரிக்கிறவள் சமைக்கத் தெரியாதவள். நான் சட்டையைக் கழற்றுகிற மாதிரி ஒரே இழுப்பில் உரிக்கக் கற்றுக்கொண்டேன். வால் பக்கத்துக் கட்டியை அரிந்து எறிந்தேன், பக்கத்து வீட்டுப் பூனை எனக்கு அடிமையானது. மண்சட்டியில் எண்ணெய் விடாமல், சின்ன வெங்காயத்தைத் தண்ணீர் தெளித்துத் தெளித்து வதக்கினேன். பொறுமை இருந்தால் வெங்காயம் தன் தண்ணீரிலேயே வதங்கும். மிளகு, சீரகம், கொத்தமல்லி விதை, பூண்டு எல்லாம் அம்மியில். நெஞ்சுக் கறியை வேகவைத்து நார் நாராகப் பிய்த்து முருங்கைக் கீரையோடு கிளறினால் ஒரு வேளை. எலும்பும் கழுத்தும் முதுகும் போட்டுச் சாறு வைத்தால் இன்னொரு வேளை. ஒரு சேவல் எங்கள் இரண்டு பேருக்கும் இரண்டு நாள் வந்தது. சாறு ஆறின பிறகு மேலே மஞ்சள் வட்டங்கள் மிதக்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். ஒன்றும் மிதக்காமல் சட்டியின் அடி தெரிந்தால், அன்றைக்கு ஏதோ பரீட்சையில் பாஸ் ஆன மாதிரி இருக்கும். களி உருண்டை மட்டும் வாரத்துக்கு வாரம் சிறுத்தது, அவருக்குத் தெரியாமல், தேய்பிறை மாதிரி.

ஊருக்கு இதெல்லாம் வேறு மாதிரி தெரிந்தது. கல்யாணமான ஆண் உடம்பு போட வேண்டும், அதில்தான் பெண்டாட்டியின் கைப்பக்குவம் இருக்கிறது என்று நினைக்கிற ஊர். நானோ சந்தையில் கழிசடைச் சேவலாகத் தேடி வாங்குகிறவள். வாரம் ஒரு நாள் அத்தை கடத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பையில் ராகி மாவும் வேர்க்கடலையும் எடுத்துக்கொண்டு வருவார். வந்ததும் மகன் கன்னத்தைப் பார்ப்பார், பிறகு என் சட்டியைத் திறந்து பார்ப்பார்.

“என்னா அம்மிணி இது, கொழம்புல எண்ணெயவே காணம்? கோழிக்குத் தோலு எங்க போச்சு?”

“பூனை தின்னுருச்சுங்க அத்தை.”

“தோல மட்டும் தனியா உரிச்சித் தின்னுச்சா? படிச்ச பூனையா?”

அவர் கடலையை வறுத்து மகன் கையில் ஒரு பிடி திணிப்பார். அவர் திரும்பியதும் அந்தப் பிடி என் முந்தானைக்கு வரும்.

ஒரு மாதம் கழித்து தருமபுரி பஸ் ஸ்டாண்டில் காசு போட்டால் சீட்டு வருகிற எடை மெஷினில் இவர் ஏறினார். கூடவே நானும் ஏறிப் பார்த்தேன். அவர் ஒரு கிலோ குறைந்திருந்தார். நான் நாலு கிலோ குறைந்திருந்தேன்.

“உனக்கு எங்க ஆபரேஷன்?” என்றார்.

சிரித்தோம். ஆனால் அன்று முழுக்க எனக்குத் தலைக்குள் ஒரு எறும்பு ஊர்ந்துகொண்டே இருந்தது. ஒரே சட்டி, ஒரே கறி, எனக்குப் பாதி. நாலு எங்கே, ஒன்று எங்கே? அந்த வேகத்தில் எட்டு மாதமாகும், டாக்டர் கொடுத்ததோ ஆறு.

விடை மாசி மாதம் கிடைத்தது. சேலத்தில் என் அம்மாவைப் பார்க்க அவர் வண்டியிலேயே போனேன். தருமபுரி தாண்டி, கணவாய்க்கு முன்னால் ஒரு ஓட்டலில் மத்தியானம் கால் மணி நேரம் வண்டி நிற்கும். பாய் ஒருவர் நடத்தும் ஓட்டல். பயணிகள் எல்லாம் முன்பக்கம் கூட்டமாக நுழைய, இவரும் கண்டக்டரும் பக்கத்துக் கதவு வழியாகத் தட்டி மறைப்புக்குள் போனார்கள். நான் கை கழுவுகிற சாக்கில் பின்னாலேயே போனேன்.

டிரைவர் தட்டு என்று ஒன்று உண்டு, அது எனக்குத் தெரியாது. வண்டியை நிறுத்தி ஐம்பது பேரைக் கொண்டுவந்து விடுகிற டிரைவருக்கும் கண்டக்டருக்கும் சாப்பாடு சும்மா. சும்மா மட்டுமல்ல, இருப்பதிலேயே நல்லது. அதுதான் மரியாதை. தட்டில் தோலோடு வறுத்த பெட்டைக் கோழி, அதன் வயிற்றில் கோத்திருந்த மஞ்சள் கருக்கள், எல்லாம் எண்ணெயில் பாதி முங்கி. பக்கத்தில் நாலு பரோட்டா. நான் ஒரு மாதம் சந்தையில் எதையெல்லாம் ஊதித் தள்ளினேனோ அவ்வளவும் அந்தத் தட்டில் வந்து உட்கார்ந்திருந்தது.

அவர் என்னைப் பார்த்தார். கை வாய்க்குப் பாதி தூரத்தில் நின்றது.

“தினமும் இதுதானா?” என்றேன்.

“வேணாம்னு சொன்னா பாய் மனசு நோவும்” என்றார்.

கண்டக்டர் எழுந்து நின்றுவிட்டான். “அண்ணி, அண்ணன் சாப்புடலன்னா எதிர் ஓட்டலுக்கு மாறப் போறாருன்னு நெனச்சிக்குவாரு பாய். போன வருசம் ஒரு டிரைவரு நாலு நாளு வயித்துப்போக்குன்னு தட்ட ஒதுக்கினாரு. அஞ்சாம் நாளு பாய் அழுதுட்டாரு.”

அது நிஜம்தான். ஒரு தட்டை மறுப்பது அந்த ரோட்டில் ஒரு உறவை முறிப்பது. சாப்பிடாமல் இருக்க முடியாது, சாப்பிட்டால் எடை இறங்காது, காரணம் சொன்னால் முதலாளி காதுக்குப் போகும். நான் யோசிக்கவில்லை. நேராகக் கல்லாவுக்குப் போனேன். வெள்ளைத் தாடி வைத்த பெரிய உருவம் எழுந்து நின்றது.

“என்னா தங்கச்சி, சாப்பாட்டுல எதனா கொறையா?”

“கொறையெல்லாம் இல்லீங்க பாய். அவருக்கு மட்டும் இனிமே எண்ணெ வேணாங்க. தோலு வேணாம், கொழுப்பு வேணாம். வெடச் சேவலா பாத்து மொளகு போட்டு வேகவெச்சிக் குடுத்தாப் போதும்.”

“டாக்டர் சொன்னாரா?”

ஒரே கேள்வியில் எல்லாவற்றையும் பிடித்துவிட்டார். கண்டக்டர் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

“இல்லீங்க” என்றேன். “வேண்டுதல்.”

பாய் தாடியைத் தடவினார். “எங்க பக்கத்துல எத்தனையோ இந்து சனங்க வேண்டுதல் இருந்து பாத்திருக்கறேன். கறிய வுடுவாங்க, சரி. கோழிய வுடாம தோல மட்டும் வுடற வேண்டுதல் இப்பத்தான் கேக்கறேன்.”

“எங்க கொலசாமி அப்படித்தாங்க கேக்குது.”

“எதுக்கும்மா வேண்டுதல்?”

அதற்கு மேல் எனக்குப் பொய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். கல்யாணமாகி இரண்டு வருஷமான பெண் வேண்டுதல் என்று சொல்லித் தலையைக் குனிந்தால் உலகம் என்ன நினைக்கும்? பாயும் அதையே நினைத்தார். அவர் முகம் அப்படியே இளகியது.

“புரியுது தங்கச்சி. நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நாளையிலருந்து எங்கையாலயே செஞ்சி வெக்கறேன். நானும் துவா கேக்கறேன்.”

அன்று கணவாயில் இறங்கும்போது வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார். சேலத்தில் வண்டி நின்றதும் கேட்டார், “என்னான்னு சொன்ன?” சொன்னேன். “அடிப்பாவி” என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, “சேவல் நல்லா இருக்குமா?” என்றார்.

பஸ்ஸில் போட்ட சேதி தபாலைவிட முன்னால் போகும். மூன்றே நாள். நான் சேலத்திலிருந்து திரும்பிய மறுநாள் அத்தை வந்து இறங்கினார், அவருடைய நாள் அல்லாத நாளில், இரண்டு கையிலும் இரண்டு சேவல்கள் தலைகீழாகத் தொங்க. வீட்டுக்குள் வந்து சேவல்களைக் கீழே போட்டார். என்னை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

“எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா அம்மிணி? நானு ஒன்னிய என்னென்னமோ நெனச்சிட்டனே. புருசனப் பட்டினி போடற கஞ்சப்பிசினாறின்னு எங்கூருல பாதிப் பேருகிட்டச் சொல்லிட்டனே. இனிமே பஸ் ஏறிப் போயி ஒவ்வொருத்தரா இல்லன்னு சொல்லணும்.”

அந்தத் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அவருக்குப் பின்னால் நின்ற இவர் தலையை ஆட்டினார், வேண்டாம், வேண்டாம் என்று.

அன்றிலிருந்து சந்தையில் எனக்கு வேலையே இல்லாமல் போனது. சந்தை நாளுக்கு முதல் நாளே அத்தை வந்துவிடுவார். அவர் ஊதினால் இறகு புயலில் போன மாதிரி ஒதுங்கும். “இது மஞ்ச. எடு அந்தாண்ட. இது ராகி தின்னு வந்திருக்குது, எனக்குக் கண்ணு இல்லன்னு நெனச்சியா? அதக் குடு, அந்தச் செவப்புச் சேவலு. பாரு, ஓடி ஓடி ஒரமேறிக் கெடக்குது.” விற்கிறவள், “ஆத்தா, ஒம்மருமவதான் இப்படின்னா நீயுமா?” என்று கேட்டால், “வாய மூடிக்கிட்டு வெலையச் சொல்லு” என்பார். நான் ஒரு மாதத்தில் விரலுக்குக் கற்றுக்கொடுத்ததை அவர் பார்வையிலேயே செய்தார். வீட்டிலும் தோலை அவரே உரித்தார். எண்ணெய்ப் புட்டியைப் பரண்மேல் ஏற்றினார். மகன் தட்டில் களி உருண்டை வைக்கும்போது, நான் ஒளித்து ஒளித்துக் குறைத்ததை அவர் பகிரங்கமாகக் கிள்ளி எடுத்தார். “போதுண்டா. சாமி பாத்துக்கிட்டு இருக்குது.”

அத்தை மட்டும் கோழி சாப்பிடவில்லை. பல் வலி என்றார். களியும் கீரையும் கடைந்த பருப்பும் சாப்பிட்டார். ஒவ்வொரு வாரமும் பல் வலித்தது. நாங்கள் அதிகம் கேட்கவில்லை, எங்கள் சந்தோஷம் எங்களுக்கு. எடை மெஷின் சீட்டுகள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டே வந்தன. பங்குனியில் மூன்று கிலோ. சித்திரையில் ஐந்து. ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவில் என் உள்ளங்கை நுழைந்தது. வைகாசியில் மாம்பழம் வந்து ஊரையே மணக்கடித்தபோது இவர் கொஞ்சம் தடுமாறினார், எடை ஒரு வாரம் அப்படியே நின்றது. அப்போது எங்களுக்குள் சண்டையும் வந்தது.

“எங்கம்மா மொகத்தப் பாக்க முடியல. ஏமாத்தறோம்” என்றார்.

“சத்தியம் வாங்கனது யாரு?”

“வேண்டுதல்னு சொன்னது யாரு?”

“நான் தலையத்தான் குனிஞ்சேன்.”

அதோடு பேச்சு நின்றது. மாம்பழமும் நின்றது.

ஆனி பிறந்து முதல் வாரம். இவர் ஆஸ்பத்திரித் தராசில் ஏறினார். டாக்டர் முள்ளைப் பார்த்தார், பழைய சீட்டைப் பார்த்தார், மறுபடி முள்ளைப் பார்த்தார். எட்டுக் கிலோவுக்கு மேல் கால் கிலோ கூடவே இறங்கியிருந்தது. “யாருய்யா ஒனக்குச் சமையல்?” என்றார். “எங்கம்மாவும் இவளுங்க” என்றார் இவர். புதன்கிழமை வந்து படுக்கச் சொன்னார்.

எடை முடிந்தது. இப்போது அத்தை இருந்தார். அவர் வாசலில் படுத்துக்கொண்டால் எட்டுக் கிலோவும் வீண். சொல்லாமல் போய்விடலாம் என்று ஒரு நிமிஷம் இருவருமே நினைத்தோம். இருவருமே அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை, முறத்தில் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார் அத்தை. இவர் எதிரில் போய் உட்கார்ந்தார். நான் அடுப்புப் பக்கம் நின்றேன். குடல் இறக்கம், டாக்டர், எட்டுக் கிலோ, புதன்கிழமை. எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே ஒரே மூச்சில் சொன்னார். அத்தையின் விரல்கள் நின்றன. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“வேண்டுதலு?”

“பொய்யிங்க அத்தை.”

“கொலசாமி பேரச் சொல்லியா?”

“ஆமாங்க.”

“எனக்குப் பல்லே வலிக்கல” என்றார் அவர். “நானு நெசமாவே வேண்டிக்கிட்டேன். புள்ள பொறக்கற வரைக்கும் கோழி திங்கமாட்டேன்னு. நாலு மாசமா ஒங்க சட்டிய மோந்துக்கிட்டு உக்காந்திருக்கறேன்.”

எனக்கு அழுகை வந்தது. இவருக்கு எப்படியோ சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அத்தை முறத்தை எடுத்து அவர் தோளில் ஒன்று போட்டார். கீரை வீடெல்லாம் பறந்தது. பிறகு அந்தப் புடைப்பு எங்கே என்று கேட்டார். வேட்டிக்கு மேலாகவே கை வைத்து, சந்தையில் வைப்பது மாதிரி அல்ல, வேறு மாதிரி, மிக மெதுவாகத் தொட்டுப் பார்த்தார்.

“ஒங்கப்பனும் இப்படித்தான் சொல்லாமயே வெச்சிருந்தான். முத்தின அப்பறம்தான் சொன்னான்” என்றார். “நீ நேரத்துக்குச் சொல்லியிருக்கற. போ.”

புதன்கிழமை அத்தையும் வந்தார். பஸ்ஸில் முகத்தைத் திருப்பிக்கொள்கிற அந்தச் சுவருக்கு உள்ளே, ஆபரேஷன் அறைக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வளையல் அழுந்தி வலித்தது. கையை இழுக்கவில்லை. ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் அவர் பிடி இறுகியது. கடைசியில் டாக்டர் வெளியே வந்து, தையல் சுத்தமாக விழுந்திருக்கிறது, கொழுப்பு இல்லாததால் வேலை சீக்கிரம் முடிந்தது என்றார். அத்தை அவரைக் கும்பிடவில்லை. என் கையை விட்டுவிட்டுத் தன் முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டார். மூன்று விரல் தடம் என் மணிக்கட்டில் சிவந்து கிடந்தது.

மத்தியானம் இவரைக் கட்டிலில் கொண்டுவந்து போட்டார்கள். அரை மயக்கத்தில் ஏதோ முனகினார். வாயருகே காதை வைத்துக் கேட்டேன். “பாய்க்கு யாரு சொல்றது?” என்கிறார்.

உண்மைதான். மூன்று மாதம் இவர் வண்டியில் வரமாட்டார். பாய் தினமும் சேவலை மிளகு போட்டு வைத்துக்கொண்டு காத்திருப்பார். அழுதாலும் அழுவார். தினமும் துவா வேறு கேட்டுக்கொண்டிருந்தார்.

“நானு போயிச் சொல்லிட்டு வர்றேன்” என்றார் அத்தை, எழுந்து புடவையை உதறிக்கொண்டே.

“என்னான்னுங்க அத்தை சொல்லுவீங்க?”

“நெசத்தச் சொல்லுவேன். பொய்யின்னா நீ ஒருத்தியே போதும்.” ரெண்டு எட்டு வைத்தவர் திரும்பினார். “வேண்டுதலப் பத்தி மட்டும் வாயத் தொறக்கமாட்டேன். அத நானு வுடறதா இல்ல. அந்த பாயும் வுட வேணாம்.”

வார்டு ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். வெயிலில் ரோட்டைக் கடந்து, கை காட்டி ஒரு சேலம் வண்டியை நிறுத்தி, படியில் நின்ற கண்டக்டரை ஏதோ அதட்டிவிட்டு ஏறினார். முன் இருக்கையில், டிரைவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். வண்டி நகர்ந்தபோது, இந்தக் கட்டிடத்தின் பக்கம் முகத்தை நிமிர்த்தி நன்றாகப் பார்த்துக்கொண்டே போனார்.